தச்சர் தாமஸ் சிப்பெண்டேல் சரித்திரம்

உளியும் கொட்டாப்புளியும் கைக்கொண்டு சீவனம் செய்த முன்னோர் வழியில் வந்த நாம், தொழில் தொடங்கும்போது விசுவகர்மாவையும் மயனையும் நினைந்து வணங்குதல் மரபாகும். ஆயினும் நம் தேசத்திற்கு அப்பால், நம்மைப் போலவே மரத்தை நம்பி வாழ்ந்து, அம்மரத்தினாலேயே அழியாப் புகழ் எய்திய தச்சர்களின் சரித்திரத்தை நம்மவருட் பெரும்பாலோர் அறிந்திலர். அறிவதனால் இரு பயன் உண்டு. கைத்தொழிலின் பெருமை எல்லாத் தேசத்தார்க்கும் பொது என்னும் தெளிவு ஒன்று. அவர்கள் இடறிய இடத்தில் நாம் இடறாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் கருதியே இம்மாத இதழில் இங்கிலாந்து தேசத்துத் தச்சராகிய தாமஸ் சிப்பெண்டேல் என்பாருடைய சரித்திரத்தை எழுதத் துணிந்தோம்.

அத்தேசத்திலே நாற்காலி, மேசை, அலமாரி முதலிய வீட்டுச் சாமான்களின் பாணிகளை, அவை வழங்கிய காலத்து அரசர் அரசியரின் பெயரால் குறிப்பது வழக்கம். ஆன் அரசி பாணி என்றும், ஜார்ஜ் மன்னர் பாணி என்றும் சொல்லுவர். முடி தரித்தோர் பெயர்களே விளங்கும் அவ்வரிசையில் உளி பிடித்த ஒரு தச்சருடைய பெயரும் சேர்ந்து விளங்குகின்றது. அரசரோடு ஒருங்கு எண்ணப்படும் அப்பேறு அவருக்கு எவ்வாறு கிட்டியது என்பதையும், அப்பேற்றினால் அவர் வாழ்நாளில் அடைந்த பயன் யாது என்பதையும் இனிக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடபாகத்தில் யார்க்ஷயர் என்னும் மாகாணம் உளது. அதில் ஓட்லி என்பது ஒரு சிறிய சந்தை ஊர். அவ்வூர்த் தேவாலயத்தில் 1718-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள் தாமஸ் சிப்பெண்டேல் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் ஜான் சிப்பெண்டேல் மரவேலை செய்பவர். தாயார் பெயர் மேரி. இத்தம்பதிகளுக்கு இவர் ஒரே புதல்வர். ஆகவே இவர் தொட்டிலிற் கிடந்த நாள்தொட்டே காதில் விழுந்த ஓசை இழைப்புளியின் ஓசையாகத்தான் இருந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் மரத்தூளில் விளையாடிக் கொண்டே மரத்தின் ரேகையை அறிந்துகொள்ளுதல் போல, இவரும் தந்தையின் பட்டறையில் தொழிலின் முதற் பாடத்தைக் கற்றார் என்க.

சிற்றூரில் அடங்கியிருக்க மனமில்லாத இவர், வாலிப வயதில் லண்டன் மாநகரம் சேர்ந்தார். அங்கே 1748-ஆம் ஆண்டு மே மாதத்தில் காதரின் ரெட்ஷா என்னும் மாதரசியை மணம் புரிந்தார். இவ்வில்லறத்தில் ஒன்பது மக்கள் பிறந்தனர். மூத்தவர்க்குத் தம் பெயரையே சூட்டினார். தகப்பன் பெயரை மகன் தாங்குவதும், தகப்பன் தொழிலை மகன் ஏற்பதும் அங்கேயும் வழக்கமே. இம்மூத்த மகனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

மகாகனி வந்த வரலாறு

இவருடைய தொழிலைச் சொல்லுமுன் இவர் கையாண்ட மரத்தைச் சொல்ல வேண்டும்; மரமின்றித் தச்சன் இல்லை அன்றோ? அக்காலத்திற்கு முன்னர் இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் வால்நட் என்னும் அக்கரோட்டு மரமே சிறந்ததாகக் கருதப்பட்டது. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரால் ஐரோப்பாவில் அம்மரங்கள் பல பட்டுப் போயின. பிரெஞ்சு அரசாங்கத்தார் 1720-ஆம் ஆண்டில் அம்மரத்தை வெளித்தேசங்களுக்கு அனுப்பலாகாது என்று தடுத்தனர். அதற்கு அடுத்த 1721-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டார், அமெரிக்கப் பகுதியிலுள்ள தங்கள் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கினர். இக்காரணங்களால் ஜமைக்காத் தீவிலிருந்து மகாகனி மரம் கப்பல் கப்பலாக வந்து இறங்கலாயிற்று. பின்னர்க் கியூபாவிலிருந்தும் ஹாண்டுராஸ் கரையிலிருந்தும் வந்தது.

மகாகனியின் குணங்களை மரம் அறிந்தோர் நன்கு உணர்வர். அடிமரம் பருத்தது, ஆதலால் ஒட்டுப் போடாமலே அகன்ற பலகை கிடைக்கும். பதப்பட்டபின் கோணாது, முறுக்காது, எளிதில் வெடிக்காது. பூச்சி அரித்தல் குறைவு. நிறம் செம்மையும் பொன்மையும் கலந்தது. நாட்பட நாட்படக் கருமை ஏறும். எல்லாவற்றினும் மேலாக, நுண்ணிய செதுக்கு வேலைக்கு உளிமுனை செல்லும் வழியெல்லாம் சிம்பு எழாமல் இடம் கொடுக்கும். மெல்லிய கால்களும், நாடா முடிச்சுப் போன்ற முதுகுச் சட்டங்களும் உள்ள நாற்காலிகளைச் செய்து அவை முறியாமல் நிற்கச் செய்ய இத்தகைய மரம் வேண்டும். நம் நாட்டில் தேக்கு எவ்வாறோ அவ்வாறு அக்காலத்து ஆங்கிலத் தச்சர்க்கு மகாகனி ஆயிற்று. அம்மரத்தின் கன்றுகள் 1795-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்திற்கும் கொணரப்பட்டன; பின்னர் நம் தேசத்தில் பல இடங்களில் சாலையோரங்களிலும் தோப்புகளிலும் வளரலாயின.

தம் வித்தையை நூலாக்கியது

1753-ஆம் ஆண்டின் இறுதியில் சிப்பெண்டேல், லண்டனிலுள்ள செயிண்ட் மார்ட்டின் சந்து என்னும் தெருவிற் குடிபுகுந்து, அங்கே விற்பனைச் சாலையும் பட்டறையும் அமைத்தார். அத்தெரு தச்சரும் ஓவியரும் செதுக்குவேலைக்காரரும் நிறைந்தது. கடை வாயிலில் நாற்காலி உருவமே அடையாளமாகத் தொங்கிற்று. ஜேம்ஸ் ரன்னி என்னும் ஸ்காட்லாந்து வணிகர் பணம் போட்டுக் கூட்டாளியானார். கைத்திறம் ஒருவருடையது, முதல் மற்றொருவருடையது என்னும் இவ்வேற்பாடு நம்மவர்க்கும் புதிதன்று.

1754-ஆம் ஆண்டில் இவர் செய்த காரியமே இவரை உலகறியச் செய்தது. தாம் வரைந்த நாற்காலி, கட்டில், புத்தக அலமாரி, எழுதுமேசை, கண்ணாடிச் சட்டம் முதலியவற்றின் படங்களைச் செப்புத் தகட்டில் வெட்டுவித்து, 160 படங்கள் கொண்ட பெரிய நூலாக வெளியிட்டார். கனவான்களுக்கும் தச்சர்களுக்கும் வழிகாட்டி என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். மத்தியாஸ் டார்லி என்னும் செப்புத்தகட்டுச் சித்திரக்காரர் பெரும்பாலான தகடுகளை வெட்டினார். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் முன்னதாகவே கையொப்பமிட்டுப் பணம் செலுத்தினர். அவர்களுட் பிரபுக்கள் உண்டு. அவர்களிலும் மிகுதியாகத் தச்சரும் கைத்தொழிலாளரும் உண்டு. மறு ஆண்டே இரண்டாம் பதிப்பும், 1762-இல் 200 படங்களுடன் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. பிரெஞ்சு மொழியிலும் ஒரு பதிப்பு வந்தது.

அன்பர்களே! இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு தச்சர் தம் பட்டறையின் அளவுகளையும் வடிவங்களையும் எதிர்க்கடைத் தச்சரும் பார்க்கும்படி அச்சிட்டு விற்றார். தொழில் இரகசியத்தைத் தெருவில் இறைத்தாரே என்று அன்றும் சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் நடந்தது யாது? அப்புத்தகத்தைக் கண்ட பிரபுக்கள் இவரைத் தேடி வந்தனர். அதனைக் கண்ட தச்சர், அயர்லாந்திலும் கடல்கடந்த பிலடெல்பியா நகரிலும் இவர் பாணியில் வேலை செய்யலாயினர். படத்தைப் பார்த்தோர் பலராயினும், படத்திலுள்ளதை அவ்வாறே மரத்திற் கொணரும் கை சிலர்க்கே உண்டு. வடிவம் பலரிடம் பரவப் பரவ, அதற்கு மூலமானவர் பெயரும் உடன் பரவிற்று. இவர் மறைத்து வைத்திருந்தால் அவ்வடிவங்கள் அவர் உடலோடு புதைந்திருக்கும்.

தீயால் நேர்ந்த இழப்பு

நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1755 ஏப்ரல் 5-ஆம் நாள், பட்டறையில் தீப்பற்றிற்று. உலர்ந்த பலகையும் மரத்தூளும் வச்சிரம் காய்ச்சும் அடுப்பும் ஒருங்கிருக்கும் இடம் எத்துணை அபாயமானது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அத்தீயில் 22 தொழிலாளர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்து போயின. அத்தேசத்திலும் தொழிலாளியின் கருவிகள் அவனுக்கே உரியவை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தவை. சில தகப்பன் கையிலிருந்து வந்தவை. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு வணங்கும் நமக்கு, இருபத்திரண்டு குடும்பங்களின் வாழ்வு ஒரே நாளிற் சாம்பலாயிற்று என்பதன் துயரம் நன்கு விளங்கும். ஆயினும் பட்டறை மீண்டும் எழும்பியது, வேலை தொடர்ந்தது.

1759-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள டம்பிரீஸ் மாளிகைக்கு இவர் சாமான்கள் அனுப்பினார். அம்மாளிகையும் அதிலுள்ள பொருள்களும் 2007-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து சிதறும் நிலையில், அந்நாளில் இளவரசராயிருந்த சார்லஸ் முன்னின்று திரட்டிய நாலரைக் கோடிப் பவுன் பணத்தால் ஒருங்கே வாங்கப்பட்டுக் காக்கப்பட்டன. தச்சர் கைவேலை இருநூற்றைம்பது ஆண்டு சென்றபின் அவ்வளவு பெருந்தொகைக்கு உரியதாயிற்று.

புதிய பாணி தோன்றியது

சிப்பெண்டேலின் நூலிற் காணப்படும் வடிவங்கள் பெரும்பாலும் வளைவும் நெளிவும், கொடியும் சிப்பியும், சீனக் கோபுரமும் கூர்வளைவுமாக இருந்தன. ஆனால் 1760-ஆம் ஆண்டுகளில் காற்றுத் திசை மாறிற்று. இத்தாலி தேசத்தில் எரிமலைச் சாம்பலுள் பதினேழு நூற்றாண்டுகள் புதைந்து கிடந்த ஹெர்குலேனியம் என்னும் ஊரை 1738 முதலாகவும், பாம்பே என்னும் ஊரை 1748 முதலாகவும் அகழ்ந்தெடுத்தனர். பழைய ரோமர் வீட்டுச் சுவர்களில் இருந்த சித்திரங்களும் தூண்களும் வெளிப்பட்டன. அவற்றை நேரிற் பயின்ற ராபர்ட் ஆடம் என்னும் ஸ்காட்லாந்துச் சிற்ப சாஸ்திரி, 1758-இல் தாய்நாடு திரும்பி, மாளிகைகளைப் பழைய ரோம கிரேக்க நெறியிற் கட்டலானார். இதனை நியோகிளாசிக்கல் பாணி என்பர். பழைய நெறியைப் புதிதாக மேற்கொண்டது என்று பொருள்.

இப்பாணியில் வளைந்த கால் நீங்கி, மேலே பருத்து அடியிற் சிறுத்துச் செல்லும் நேரான கால் வந்தது. தாறுமாறான கொடி நீங்கி, கலசம், மாலை, ஆட்டுக்கிடாய்த் தலை, விசிறி போன்ற வட்டம், தாமரை இதழ் போன்ற பூ ஆகியவை இருபுறமும் ஒத்த அளவில் அமைந்தன. அளவும் பொருத்தமுமே இதன் உயிர். நம் மானசாரமும் மயமதமும் கூறும் தாலமான முறையை அறிந்தோர்க்கு, ஓர் உறுப்பின் அளவிலிருந்து மற்றோர் உறுப்பின் அளவைப் பெறும் இந்நெறி அந்நியமாகத் தோன்றாது.

ஐம்பதை அணுகும் வயதில், புகழும் பெற்றுவிட்ட ஒருவர், தாம் எழுதிய நூலின் வடிவங்களையே தள்ளிவைத்துப் புதிதாகக் கற்கத் தொடங்குவது எளிதன்று. சிப்பெண்டேல் கற்றார். 1765-இல் சர் லாரன்ஸ் டண்டாஸ் என்னும் செல்வருக்காக ஆடம் வரைந்து கொடுத்த படத்தின்படி பொன்முலாம் பூசிய நாற்காலிகளைச் செய்தார். ஆடம் வரைந்ததை இவர் செய்ததாகத் தெரிவது அது ஒன்றே. அதன்பின் ஆடம் அமைத்த மாளிகைகளுக்கும் இவர் தாமே வரைந்து தாமே செய்தார். இவருடைய கைவேலைகளுள் மிகச் சிறந்தவை நூலில் வந்தவை அல்ல. நூலுக்குப் பின்னர், இப்புதிய பாணியில் வந்தவையே என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் துணிபு.

ஹேர்வுட் மாளிகை வேலை

அவற்றுட் சிகரம் போன்றது யார்க்ஷயரிலேயே, இவர் பிறந்த ஓட்லிக்குச் சில மைல் தூரத்திலுள்ள ஹேர்வுட் மாளிகையில் செய்த வேலை. அதன் உரிமையாளர் எட்வின் லாசெல்ஸ் என்பார். 1767 முதல் அங்கே தொடர்பு ஏற்பட்டு, பல்லாண்டு வேலை நடந்தது. கிடைத்துள்ள கணக்குகளில் மட்டும் ஆறாயிரத்து எண்ணூறு பவுனுக்கு மேல் காண்கிறது. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம்.

அம்மாளிகைக்கு 1773-ஆம் ஆண்டு அனுப்பிய ஓர் இழுப்பறைப் பேழை 86 பவுன் விலையுள்ளது. அதன் முகப்பில் டயானா, மினர்வா என்னும் ரோம தேவதைகள் இருவர் கருங்காலித் தளத்தில் யானைத் தந்தத்தாற் பதிக்கப்பட்டுள்ளனர். சுற்றிலும் சாட்டின்வுட் என்னும் பொன்னிற மரம். இம்மரத்தைப் பற்றி நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. சிப்பெண்டேல் காலத்தில் இது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அதே பெயரால் வேறொரு மரம் இங்கிலாந்து செல்லலாயிற்று. அதுவே ஈழத்துத் தமிழர் முதிரை என்றும் நம்மவர் பொரசு என்றும் வழங்கும் மரம். பட்டுத்துணி போல் ஒளி ஓடும் அதன் மேனி காரணமாகவே ஆங்கிலேயர் அப்பெயரிட்டனர்.

இப்பேழை போன்ற வேலைகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதைச் சொல்லுவோம். அடிக்கூடு பைன் முதலிய எளிய மரத்தாலும், இழுப்பறைகள் ஓக்கு அல்லது மகாகனியாலும் அமையும். அதன்மேல் விலையுயர்ந்த மரத்தைக் கைவாளால் மெல்லிய தகடாக அறுத்து வச்சிரத்தால் ஒட்டுவர். மலரும் இலையும் வேண்டிய இடத்தில் வெவ்வேறு நிற மரத்துண்டுகளை வெட்டி, ஒன்றின் விளிம்பில் மற்றொன்று மயிரிழை இடமுமின்றிப் பொருந்த வைப்பர். வெண்மையான ஹாலி, சைக்கமோர் மரங்களைச் சாயத்தில் ஊறவைத்துப் பச்சை முதலிய நிறம் ஏற்றுவர். அன்னபேதி நீரில் ஊறிய சைக்கமோர் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் பெறும். இலையின் நிழலைக் காட்ட, துண்டின் ஓரத்தைக் காய்ந்த மணலிற் புதைத்து மெல்லக் கருக்குவர். நரம்பும் மடிப்பும் காட்ட ஊசியுளியாற் கீறி மை நிரப்புவர். இன்று அப்பேழைகள் ஒரே பழுப்பு நிறமாக மங்கித் தோன்றுகின்றன; வெளிச்சம் படாத உட்புறங்களை நோக்கினாற்றான் அவை ஒரு காலத்தில் பட்டுச்சேலை போலப் பலநிறம் காட்டி விளங்கியமை தெரியும்.

அம்மாளிகையின் நூலகத்திற்கென இவர் பட்டறை செய்த ஓர் எழுதுமேசை, தோதகத்தி இனத்து மரத்தால் முகப்பிட்டுப் பித்தளை அணிகள் பூண்டது. அது 1965-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்து டெம்பிள் நியூசம் மாளிகைக் காட்சிச்சாலைக்காக வாங்கப்பட்டு, அங்கே வைக்கப்பட்டது.

இவ்விடத்தில் மனம் வருந்தத்தக்க ஓர் உண்மையையும் மறைக்காமற் கூற வேண்டும். லாசெல்ஸ் குடும்பத்தாரின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி உழைக்கச் செய்ததிலிருந்தும் வந்தது. ஜமைக்காக் காடுகளில் மகாகனியை வெட்டி இழுத்தோரும் அடிமைகளே. ஆங்கிலக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் நிறைவேறிற்று. செய்தவர் கை பெயரோடு விளங்குகின்றது. வெட்டியவர் கை பெயரின்றி மறைந்தது. ஒரு பலகையைத் தடவிப் பார்த்து மகிழும்போது, அது காட்டிலிருந்து பட்டறை வரும்வரை யார் யார் தோளேறி வந்தது என்று எண்ணிப் பார்ப்பது தொழிலாளர் குலத்தார்க்குக் கடமையாகும்.

வேலை கொடுத்தோர் பணம் கொடுக்காமை

இத்துணைப் பெரிய வேலைகள் செய்தவர் செல்வந்தராக வாழ்ந்திருப்பார் என்று நினைப்போம். அங்ஙனம் நேரவில்லை. 1766-இல் கூட்டாளி ரன்னி மரணமடைந்தார். அவர் போட்ட முதலைத் திருப்ப வேண்டி வந்தமையால் கடைச் சரக்குகள் ஏலத்திற்கு வந்தன. 1771 முதல், ரன்னியிடம் கணக்கராயிருந்த தாமஸ் ஹேக் என்பார் கூட்டாளியாகிக் கணக்கைக் கவனித்தார்.

பிரபுக்கள் வேலை வாங்குவதில் வேகமும், பணம் கொடுப்பதில் தாமதமும் உடையவராயிருந்தனர். கடனுக்கு வாங்குவதும், ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதும் பெருமையாகவே கருதப்பட்டன. யார்க்ஷயரிலுள்ள நாஸ்டெல் மாளிகைக்கு 1766 முதல் சிப்பெண்டேல் எல்லா வேலையும் செய்தார். 1767-இல் நூலகத்திற்கு 72 பவுன் 10 ஷில்லிங்கு விலையில் மகாகனியாலாகிய பெருமேசை அனுப்பினார். சமையற்கட்டுக்கு இறைச்சி வெட்டும் கட்டையும் அனுப்பினார். பெரிய வேலை, சிறிய வேலை என்று அவர் பார்க்கவில்லை. ஆயினும் அம்மாளிகையின் தலைவராகிய சர் ரோலண்ட் வின் என்பாருக்கு இவர் எழுதிய கடிதங்களிற் பல, செய்த வேலைக்குப் பணம் தரும்படி மன்றாடுபவையே. பிரபுவோ, சாமான் வரத் தாமதம் என்று சினந்து எழுதுவார். கென்ட் மாகாணத்து மற்றொரு பிரபு, தமக்குக் குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறையே வருவதால் தாமும் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையே கொடுப்பதாகத் தெரிவித்தார். தச்சன் வீட்டு அடுப்பு நாள்தோறும் எரிய வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சிப்பெண்டேலிடமும் குறையில்லை என்று சொல்ல மாட்டோம். ஏற்றுக்கொள்ளும் வேலைக்கும் முடிக்கும் ஆற்றலுக்கும் பல சமயம் பொருத்தம் இராது. 1769-இல் பிரெஞ்சு தேசத்திலிருந்து முற்றுப்பெறாத நாற்காலிகள் 60 தருவித்தபோது, மதிப்பைக் குறைத்துக் காட்டியமைக்காகச் சுங்க அதிகாரிகள் அவற்றைக் கைப்பற்றினர். புகழ்பெற்ற மனிதரின் சரித்திரத்தில் இதனை விட்டுவிடுதல் உண்மைக்கு மாறாகும்.

சுங்கத்தைப் பற்றிய இன்னொரு செய்தி நம் தேசத்தோடு தொடர்புடையது. புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் காரிக் என்பாருக்குச் சிப்பெண்டேல் பட்டறை செய்த கட்டிலுக்குத் திரையாக அமைந்தவை மசூலிப்பட்டணத்தில் எழுதப்பட்ட வண்ணச் சீலைகள். கல்கத்தாவிலிருந்த வணிகர் அவற்றைக் காரிக்கின் மனைவியார்க்குப் பரிசாக அனுப்பினர். தம் நாட்டு நெசவைக் காக்க வேண்டி இந்தியச் சீட்டித்துணியை ஆங்கிலேயர் அக்காலத்திற் சட்டத்தால் தடுத்திருந்தமையால், 1775-இல் சுங்கத்தார் அவற்றைப் பறிமுதல் செய்தனர். அக்கட்டிலும் திரையும் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையைச் சேர்ந்துள்ளன. இங்கிலாந்துத் தச்சர் உளியும் நம் கீழைக்கரைச் சீலைக்காரர் தூரிகையும் ஒரே கட்டிலிற் கூடியிருத்தல் வியப்பன்றோ?

இறுதிக் காலம்

1772-இல் மனைவியார் காதரின் காலமானார். 1776 அளவில் சிப்பெண்டேல் பட்டறைப் பொறுப்பை மூத்த மகனிடம் விட்டு ஒதுங்கினார். 1777-இல் எலிசபெத் டேவிஸ் என்பவரை மணந்தார். இவரிடம் மூன்று மக்கள் பிறந்தனர். பின்னர்க் காச நோய் கண்டு, 1779-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது அறுபத்தோராம் வயதில், லண்டனை அடுத்த ஹாக்ஸ்டன் என்னுமிடத்தில் உயிர் நீத்தார். செயிண்ட் மார்ட்டின் தேவாலயத்து இடுகாட்டில் 16-ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடுகாடு பின்னாளிற் கட்டடங்களால் மூடப்பட்டது; அவரைப் புதைத்த இடத்திற்குக் கல்லும் இல்லை, அடையாளமும் இல்லை.

மகன் தாமஸ் தந்தைக்குச் சற்றும் குறையாத கைத்திறம் உடையவர். ஹேர்வுட் வேலையை முடித்தவரும், ஸ்டூர்ஹெட் மாளிகைக்கு அரிய சாமான்கள் செய்தவரும் இவரே. ஆயினும் தந்தையை வருத்திய கடன்முறையே இவரையும் வருத்திற்று. ஹேக் விலகியபின், 1804-இல் இவர் திவாலானார். சரக்கெல்லாம் ஏலம் போயிற்று. அதன் பின்னரும் உளியைக் கீழே வையாமல் வேலை செய்து வந்தார். இவரோடு அப்பட்டறையின் கதை முடிந்தது.

புகழ் நின்றது

சிப்பெண்டேல் தம் சாமான்களில் முத்திரை இடும் வழக்கமில்லாதவர். ஆகவே, கடைக் கணக்கும் கடிதமும் கிடைக்கும் இடங்களிலேயே இது அவர் கைவேலை என்று உறுதியாகச் சொல்லக்கூடும். பணம் கேட்டு மன்றாடிய கடிதங்களே இன்று அவர் வேலைக்குச் சாட்சியாக நிற்பது விதியின் விளையாட்டு. புலிநகம் உருண்டையைப் பற்றியது போன்ற கால் உள்ள நாற்காலியைக் கண்டால் சிப்பெண்டேல் என்று சொல்லுவோர் பலர். ஆனால் அவர் நூலில் அத்தகைய கால் ஒன்றேனும் இல்லை. பெயர் பொருளினும் தூரம் சென்றுவிட்டது.

ஓட்லி ஊரில் அவருக்குச் சிலை உண்டு. விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையின் வெளிமுகப்பில் சிறந்த கலைஞரோடு அவர் உருவமும் நிறுத்தப்பட்டுள்ளது. 2018-இல் அவர் பிறந்த முந்நூறாம் ஆண்டை இங்கிலாந்தில் பல மாளிகைகளிலும் லீட்ஸ் நகரத்திலும் கொண்டாடினர். அவர் காலத்தில் கப்பல் கப்பலாக வந்த மகாகனியோ, அளவின்றி வெட்டப்பட்டமையால் அருகிப்போய், நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையால் வாணிபக் கட்டுக்குள் வந்துவிட்டது. நம் தோதகத்தியும் அக்கட்டுக்கு உட்பட்டதே. வெட்டுபவன் நடவும் கற்க வேண்டும் என்பதை இது உணர்த்தும்.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தைக் கூறியது கதை சொல்லிப் பொழுது போக்குதற்காக அன்று. நம் குடும்பங்களில் எத்தனை பெரியோர் தேரும் வாகனமும், கதவு நிலையும் ஊஞ்சற் பலகையும் செய்து மறைந்தனர்! அவர்கள் அளவுக் கணக்கை எழுதி வைத்த சுவடிகளிற் பல கறையானுக்கு இரையாயின; பல எழுதவே படவில்லை. அயலார் அறியலாகாது என்று மகனுக்கு மட்டும் சொல்லக் காத்திருந்த தகப்பன், மகன் வேறு உத்தியோகம் தேடிப் போய்விட, சொல்லாமலே கண்ணை மூடியதும் உண்டு. அவ்வாறு போன வித்தைக்கு இனி எங்கே போவது? சிப்பெண்டேலின் பட்டறை போயிற்று, பணம் போயிற்று, கல்லறையும் போயிற்று. அவர் அச்சிட்ட படங்கள் மட்டும் போகவில்லை. ஆதலால் நம் சங்கத்து அங்கத்தினர் தத்தம் வீட்டிலுள்ள சுவடிகளையும் வரைபடங்களையும் எடுத்துப் படி செய்து வைக்குமாறும், முதியோர் வாய்மொழியாக அறிந்த அளவுகளை இளையோர் அமர்ந்து எழுதிக்கொள்ளுமாறும் வேண்டுகிறோம்.

மற்றொன்று, கணக்கு. கை எவ்வளவு தேர்ந்ததாயினும் கூலியைக் காலத்தில் வாங்கத் தெரியாவிடில் வீட்டில் விளக்கு எரியாது. பெரியவர், வேண்டியவர் என்னும் தாட்சணியத்தால் முன்பணமும் ஒப்பந்தமும் இன்றி வேலை ஏற்று, பின்னர் வாசலில் நின்று கேட்கும் நிலை நம்மவர்க்கும் நேர்வதே. பிள்ளைகளுக்கு உளி பிடிக்கக் கற்பிப்போர், வரையவும் கற்பிக்க வேண்டும். வரையக் கற்பிப்போர், வரவு செலவு எழுதவும் கற்பிக்க வேண்டும். ஆண்மக்களேயன்றிப் பெண்மக்களும் இவற்றைப் பயின்றால் பட்டறைக்கு இரட்டைப் பலம்.

வேறொரு தேசத்தில், வேறொரு சமயத்திற் பிறந்த அத்தச்சர் நமக்குக் குலத்தால் உறவினர் அல்லர், தொழிலால் உறவினரே. இவ்வாண்டு ஆயுத பூசையில் நம் உளிகளுக்குப் பொட்டிடும்போது, தீயில் வெந்த அந்த 22 பெட்டிகளையும் ஒரு கணம் நினைப்போமாக.